பிள்ளைக்கு அடிபட்டா அம்மாவ மட்டும் கேக்காதீங்க, தொட்டிக்கு மூடி இருந்துச்சான்னும் கேளுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்துல அங்கன்வாடில வேலை பாக்குறேன். உங்க பேப்பர்ல அடிக்கடி ஒரு செய்தி வருது, தண்ணித் தொட்டில விழுந்து ஒன்றரை வயசுக் குழந்தை சாவு, கொதிக்கிற குழம்பு கொட்டி ரெண்டு வயசுப் பிள்ளை சாவுன்னு. நாலஞ்சு வரிதான் இருக்கும். அதுல அம்மா வீட்டு வேலைல இருந்தாங்கன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தத் தொட்டிக்கு மூடி இருந்துச்சா, குழம்புச் சட்டி மேடைல இருந்துச்சா தரைல இருந்துச்சா, அது மட்டும் இருக்காது. அதப் பத்திதான் எழுதுதேன், கொஞ்சம் நீளமா போயிருச்சுன்னாலும் பொறுத்துக்கிட்டு போடுங்க அய்யா.

எங்க பக்கம் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா மொதல்ல வார கேள்வி "பிள்ளைய விட்டுட்டு நீ எங்கட்டி போன?" அப்படிங்கிறதுதான். மாமியா கேப்பாவ, புருசன் கேப்பான், பக்கத்து வீட்டு மதினி கேப்பாவ, ஆஸ்பத்திரில சீட்டு எழுதுறவங்க வரைக்கும் கேப்பாவ. அவ எங்கயும் போகல. காலைல எந்திரிச்சு வாசத் தெளிச்சு, பெரியவனுக்கு சோறு கட்டி ஸ்கூல் வேனுக்கு விட்டு, குழாய்ல தண்ணி வர்ற நேரத்துல ஓடி ஓடிப் பிடிச்சு, அதுக்கப்புறம் முறத்த மடில வச்சு உக்காந்தா சாயங்காலம் கடைல பீடிய ஒப்படைக்கிற வரைக்கும் கை நிக்காது, ஆயிரம் பீடி சுத்துனாத்தான் அன்னைக்கு கைல நாலு காசு நிக்கும். இவ்வளவுக்கும் நடுவுல ஒன்றரை வயசுப் பையன் தார்சால இருந்து புறவாசலுக்கு நடந்து போறத ஒரு நிமிசம் பாக்காம விட்டுட்டா அவ பொறுப்பில்லாத அம்மாவா? எந்த மனுசியாலயும் நாள் முழுக்க கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு இருக்க முடியாதுய்யா. பாத்துக்கோ பாத்துக்கோன்னு சொல்றத விட, பாக்காத அந்த ஒரு நிமிசத்துலயும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி வீட்ட மாத்தி வைக்கிறதுதான் வழி.

தண்ணியில இருந்தே ஆரம்பிக்கேன், ஏன்னா எங்க ஊருல எனக்கு அதுதான் பெரிய பயம். குழாய்ல தினமும் தண்ணி வராததால ஒவ்வொரு வீட்டுலயும் பிடிச்சு வச்சிருப்பாவ, நீல டிரம்மு, சிமெண்ட் தொட்டி, அண்டா, சருவம், வாளி, வசதி இருந்தா சம்ப். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு உடம்புல தலைதான் கனம். வாளிய எட்டிப் பாக்கும்போது தலை முன்னாடி சரிஞ்சா கால் மேல போயிரும், திரும்ப நிமிர கைல பலம் கிடையாது. வாளில அரை அடி தண்ணி கூட வேண்டாம், மூக்கும் வாயும் முங்குற அளவு இருந்தாப் போதும். சத்தமும் வராது. சினிமால காட்டுற மாதிரி கைய அடிச்சு கத்தும்னு நெனைக்காதீங்க, வாயில தண்ணி இருக்கும்போது எப்படிக் கத்தும். மூச்சு நின்னு நாலஞ்சு நிமிசத்துல மூளை கெட ஆரம்பிச்சிரும். அடுக்களைல இருக்கிற அம்மா சத்தம் கேக்கலியேன்னு நிம்மதியா இருப்பா, அந்த சத்தமில்லாம இருக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். உலக சுகாதார நிறுவனம் 2021ல மட்டும் உலகம் பூரா சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி இறந்ததா கணக்கு சொல்லுது, அதுல கிட்டத்தட்ட கால்வாசி அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க.

இதுக்கு என்ன செய்யணும்னா பெரிய செலவு ஒண்ணும் கிடையாது. துவைச்சு முடிச்ச உடனே வாளிய கவுத்திப் போடணும். டிரம்முக்கு மூடி வாங்கும்போதே வந்திருக்கும், எங்க ஊருல பாதி வீட்டுல அந்த மூடில கோழிக்கு தீனி வச்சிருப்பாவ, இல்ல வத்தல் காயும். அத எடுத்து கழுவி டிரம்ம மூடுங்க, மேல கல்லு வைக்கிறத விட கயிறு போட்டு கட்டுறது நல்லது, கல்லு பிள்ளை கால்ல விழும். சம்ப் மூடி துருப்பிடிச்ச தகரமா இருந்தா அத நம்பாதீங்க, பிள்ளை ஏறி நின்னா உள்ள போயிரும். வார்ப்பு மூடியோ நல்ல இரும்பு மூடியோ போட்டு பூட்டு போடணும், மோட்டார் பாக்க தொறந்தா வேலை முடியுற வரைக்கும் ஒரு பெரிய ஆளு பக்கத்துல நிக்கணும், போன் வந்துச்சுன்னு அங்கிட்டு போகக் கூடாது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் பெரியவங்க கை எட்டுற உயரத்துல ஒரு கொண்டி. எங்க ஊர்ல கொத்தனார் வேலைக்குப் போற ஒரு தம்பி, நான் சொன்ன அன்னைக்கு சாயங்காலமே வேலைக்குப் போன இடத்துல மிஞ்சுன கொண்டிய கொண்டாந்து அடிச்சிட்டான். அவன் மக ரெண்டு வயசு, கீழ நின்னு அந்தக் கொண்டிய அண்ணாந்து பாத்து கதவத் தட்டிக்கிட்டு நிக்கா, தெறக்க முடியல. அழுதா, அழட்டும்.

கால்வாய் வேற இருக்கு. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால்னு நம்ம ஊர் விவசாயமே இந்தக் கால்கள நம்பித்தான், பல தெருவுல வீட்டுப் படிய விட்டு இறங்குனா கால்வாய்க் கரைதான். கோடைல காஞ்சு கிடக்கும்போது பிள்ளைங்க அதுக்குள்ளதான் விளையாடும், அப்புறம் ஜூன்ல கார் நெல்லுக்கோ ஐப்பசில பிசான நெல்லுக்கோ தண்ணி தொறந்து விட்டா நேத்து விளையாண்ட இடம்னு அதுபாட்டுக்கு இறங்கிரும். தண்ணி தொறக்கிறத விவசாயிக்கு சொல்ற மாதிரி கரையோரத் தெருவுக்கும் ஆட்டோல மைக் கட்டி சொல்லணும். வீட்டு வாசலுக்கு குறுக்க இடுப்பளவு ஒரு தட்டியோ சின்ன கேட்டோ போட்டாக் கூட தவழுற பிள்ளை தெருவுக்குப் போகாது.

பங்களாதேஷ்ல நம்மள விட தண்ணி ஜாஸ்தி, வீட்ட சுத்தி குளம்தான். அங்க கிராமத்துல காலைல 9 மணில இருந்து மதியம் 1 மணி வரைக்கும் சின்னப் பிள்ளைங்கள ஒரு வீட்டுல சேத்து வச்சு ஒரு அம்மா பாத்துக்கிடுற மாதிரி ஏற்பாடு செஞ்சாங்க. ஏன் அந்த நேரம்னா, அம்மாமாரு சமையல்லயும் வேலைலயும் இருக்கிற, பிள்ளைங்க அதிகமா மூழ்குற நேரம் அதுதான். அந்த ஏற்பாட்டுல இருந்த பிள்ளைங்ககிட்ட மூழ்கி சாகுறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருச்சு. நம்மகிட்ட 1975ல இருந்தே அங்கன்வாடி இருக்கு அய்யா. சத்துமாவுக்கும் முட்டைக்கும் மட்டும் பிள்ளைய கூட்டிட்டு வந்துட்டு உடனே திரும்ப கூட்டிட்டுப் போயிராதீங்கன்னு தாய்மார்கிட்ட கெஞ்சிக் கேக்கேன், அந்த காலை நேரம் பூரா பிள்ளை எங்ககிட்ட இருக்கிறதே ஒரு பாதுகாப்பு.

மூழ்குன பிள்ளைய தூக்குன உடனே தலைக்கு மேல வச்சு சுத்துறது, தலைகீழா பிடிச்சு வயித்த அமுக்குறது, உப்புல புதைச்சா உயிர் வரும்னு வாட்சப்ல வர்றத நம்புறது, இதெல்லாம் தயவுசெஞ்சு விட்ருங்க. போற ஒவ்வொரு வினாடியும் மூச்சுக்கு உள்ளது. மூச்சு இல்லன்னா வாயோட வாய் வச்சு ஊதணும், நெஞ்ச அமுக்கணும், ஒருத்தர் 108க்கு போன் போடணும். இத ஒவ்வொரு தெருவுலயும் நாலு பேராவது படிச்சு வச்சிருக்கணும்.

அடுத்தது அடுக்களை. நம்ம வீடுகள்ல இன்னும் சோறு வடிக்கிற பழக்கம் இருக்கு, கொதிக்கிற கஞ்சிய தரைல உள்ள சட்டில வடிச்சிட்டு பானைய அப்படியே சாச்சு வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிருவோம். தவழுற பிள்ளைக்கு அது நேரா கை எட்டுற உயரம். கஞ்சி தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடாது, தோல்ல ஒட்டிக்கிட்டு வேக வைக்கும். வடிக்கிறத மேடைல வச்சு வடிங்க, மேடை இல்லன்னா அந்த நேரத்துக்கு பிள்ளைய தொட்டில்லயோ பெரியவங்க மடிலயோ போட்டுட்டு வடிங்க. டீ குடிக்கும்போது பிள்ளைய மடில வைக்காதீங்க. வாளில ராடு போட்டு வெந்நீர் வைக்கிறவங்க அத கதவப் பூட்டுன பாத்ரூம்ல வைங்க, அது சுடவும் செய்யும் கரண்டும் அடிக்கும். கரண்டுக்கு இன்னொண்ணு சொல்லுதேன், மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிங்கிற பாதுகாப்பு சுவிட்ச் ஒண்ணு மாட்டிட்டா பிள்ளை கைல ஷாக் அடிச்ச உடனே தானா கட் ஆயிரும், கலர் டிவிக்கு குடுக்கிற காசுல இது ஒரு சின்ன பங்குதான்.

வெந்துபோன இடத்துல பேஸ்ட், பேனா மை, தோசை மாவு, மஞ்சத்தூள், இதுல ஏதாவது ஒண்ணு தடவாம ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைய நான் பாத்ததே கம்மி. குழாயத் தொறந்து விட்டு 20 நிமிசம் வெந்த இடத்துல தண்ணி ஓட விடுங்க, ஐஸ் வேண்டாம். உடம்புல பெரிய அளவுல வெந்திருந்தா குளுந்து நடுங்காம மத்த இடத்த போத்தி வைங்க. பிறகு சுத்தமான துணியால லேசா மூடி கூட்டிட்டுப் போங்க. தடவுன மாவ டாக்டர் சொரண்டி எடுக்கும்போது பிள்ளை படுற பாட்ட கண்ணால பாக்க முடியாது.

கலர் பாட்டில் விசயம் சொல்லியே ஆகணும். கலர் குடிச்சு முடிச்ச பாட்டில கழுவி அதுல மண்ணெண்ணெய், டாய்லெட்டுக்கு ஊத்துற ஆசிட், பெயிண்டுக்கு கலக்குற தின்னர், வாழைக்கு அடிக்கிற மருந்து எல்லாம் ஊத்தி வைக்கிற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப இருக்கு. மூணு வயசுப் பையனுக்கு பாட்டில் அடையாளம்தான் தெரியும், உள்ள இருக்கிறது தெரியாது, திருவிழால மாமா வாங்கிக் குடுத்த அதே பாட்டில். மண்ணெண்ணெய் குடிச்சிட்டா உப்புத் தண்ணி, புளித்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிறாவ, அதுதான் பெரிய கெடுதல். மண்ணெண்ணெய் வயித்த விட நுரையீரலுக்குத்தான் ஆபத்து, வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். ஆசிட்டுக்கும் அதே கதைதான், உள்ள போகும்போது ஒரு தடவ வெந்த தொண்டை வெளிய வரும்போது மறுபடி வேகும். வாய்ல ஒண்ணும் ஊத்தாம பாட்டிலையும் கைல எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, பாட்டில பாத்தாத்தான் டாக்டருக்கு என்னன்னு தெரியும்.

எலி பேஸ்ட் இதவிட மோசம். தேங்காச் சில்லுலயும் வடைலயும் தடவி அடுப்புக்குப் பின்னாடி வச்சிருப்பாவ, பிள்ளை எடுத்து சப்பிரும். ஒரு நாள் வாந்தி இருக்கும், அப்புறம் பிள்ளை நல்லா விளையாடும், சரியாயிட்டுன்னு விட்ருவாவ. ரெண்டு மூணு நாள் கழிச்சு கண்ணு மஞ்சளாகி கல்லீரல் கெட்டுப் போயிரும், அதுக்கு மாத்து மருந்து கிடையாது. மஞ்ச பாஸ்பரஸ் உள்ள அந்த பேஸ்ட்ட தமிழ்நாட்டுல தடை செஞ்சாச்சு, அப்படியும் பழசு வீட்டுல கிடந்தா எடுத்துக் களைஞ்சிருங்க, எலிப்பொறி போதும்.

ஆச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு டப்பா, பாக்கெட் எதையும் பேரப்பிள்ளை விளையாட குடுக்காதீங்க. பாக்கெட்ட அமுக்கும்போது பிதுங்கி நேரா கண்ணுல அடிச்சிரும். ஆசிட்ட விட சுண்ணாம்பு கண்ணுக்குள்ள ஆழமா இறங்கும், பார்வையே போயிரும். பட்ட உடனே இமையப் பிரிச்சு, ஒட்டியிருக்கிற துணுக்க ஈரத்துணியால எடுத்துட்டு, அரை மணி நேரம் தண்ணி விட்டு கழுவிட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், எண்ணெயோ தாய்ப்பாலோ விடக் கூடாது. வேலிக்கு வச்சிருக்கிற காட்டாமணக்கு கொட்டையையும் மஞ்ச அரளிக் காயையும் பெரிய பிள்ளைங்க கடலை மாதிரி இருக்குன்னு தின்னுட்டு கூட்டமா ஆஸ்பத்திரிக்குப் போறது நம்ம மாவட்டங்கள்ல புதுசில்ல, பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் பக்கத்துல அந்தச் செடியே இருக்கக் கூடாது.

இப்ப முக்கியமான ஒண்ணு. "நீ எங்கட்டி போன"ங்கிற கேள்வி இருக்கே, அது பிள்ளைகளக் கொல்லுது. ரிமோட்டுலயும் பொம்மைலயும் இருக்கிற வட்டமான சின்ன பேட்டரிய பிள்ளை முழுங்கிட்டான்னு வைங்க, அது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே அந்த இடத்த அரிச்சு ஓட்டை போட ஆரம்பிச்சிரும். அந்த ரெண்டு மணி நேரத்த அந்தப் பொண்ணு என்ன செய்வா தெரியுமா, மாமியா ஏசுவாளோன்னு பயந்து வாழைப்பழத்தக் குடுத்து, வெளிய வந்துருமான்னு காத்துக்கிட்டு இருப்பா. மண்ணெண்ணெய் குடிச்சத சொல்லாம மறைச்சு, சாயங்காலம் மூச்சு வாங்குன பிறகு இருமல்னு கூட்டிட்டு வந்தவங்கள எனக்குத் தெரியும். ஏச்சுக்கு பயப்படாத வீட்டுலதான் பிள்ளைய சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாவ. அடிபட்ட அன்னைக்கு யாரும் யாரையும் ஏசாதீங்க, கொண்டு போங்க.

சேலைத் தொட்டில் பத்தி ஒரு வார்த்தை. கைக்குழந்தைக்கு அது நல்லதுதான், எங்க பிள்ளைங்க எல்லாம் அதுலதான் தூங்குச்சு. கைக்குழந்தை எந்திரிச்சதும் சேலைய அவுக்காம அப்படியே விட்டுட்டா எட்டு பத்து வயசுப் பிள்ளைங்க அதுல உக்காந்து முறுக்கி முறுக்கி சுத்தி விளையாடும், முறுக்கு கழுத்துல விழுந்துட்டா பிள்ளையால தானா அவுக்க முடியாது. எந்திரிச்ச உடனே சேலைய மேல தூக்கி உத்தரத்துல முடிஞ்சு வைங்க, அவ்வளவுதான் வேலை. அதே மாதிரி ஸ்லைடிங் கேட்டு, ரெண்டு முனையிலயும் ஸ்டாப்பர் இல்லன்னா தடத்த விட்டு கழண்டு பிள்ளை மேல விழும், கேட்டப் பிடிச்சு தொங்கி ஆடாத பிள்ளை உண்டா. உக்கார வச்சு ஓட்டுற பிளாஸ்டிக் வாக்கர கனடால 2004லயே விக்கவும் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, படில உருண்டு தலைல அடிபடுதுன்னு. நம்ம அம்பாசமுத்திரம் கடசல்காரங்க செய்யுற மர நடைவண்டி பிள்ளை நின்னு தள்ளிட்டுப் போறது, பிறந்தநாளுக்கு அத வாங்கிக் குடுங்க.

2021 டிசம்பர்ல நம்ம திருநெல்வேலில ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறை சுவர் இடிஞ்சு மூணு பசங்க இறந்தத யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்னைக்கு அந்தப் பசங்களோட அம்மா எங்க போனாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. சுவர யார் கட்டுனா, யார் சோதிச்சான்னு கேட்டோம், அதனாலதான் அதுக்கப்புறம் தமிழ்நாடு பூரா பழைய பள்ளிக் கட்டடங்களக் கணக்கெடுத்து இடிச்சாங்க. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில ரெண்டு வயசுப் பையன் போர்வெல் குழில விழுந்து 80 மணி நேரத்துக்கு மேல போராடியும் உயிரோட எடுக்க முடியல, தீபாவளி அன்னைக்கு நாம எல்லாரும் டிவி முன்னாடி அழுதோம். பயன்படாத போர்வெல்ல மண்ணும் கல்லும் போட்டு தரை மட்டம் வரைக்கும் மூடணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே சொல்லியாச்சு. உத்தரவு இருந்துச்சு, அந்தக் குழிக்கு மூடிதான் இல்ல. வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கும் நாம கேக்க வேண்டிய கேள்வி அதே கேள்விதான்.

உங்ககிட்ட நான் கேக்கிறது ரெண்டு அய்யா. இந்த மாதிரி செய்தி வரும்போது உங்க நிருபர் தம்பிங்க அந்த வீட்டுக்குப் போய் எது தொறந்து கிடந்துச்சு, எது உடைஞ்சிருந்துச்சு, எது இருந்திருந்தா பிள்ளை பொழைச்சிருக்கும்னு கேட்டு ரெண்டு வரி சேத்துப் போடுங்க, அம்மா பேரையும் போட்டோவையும் போட வேண்டாம். அதப் படிக்கிற நூறு வீட்டுல பத்து வீட்டுலயாவது அன்னைக்கே போய் தொட்டிய மூடுவாவ. இன்னொண்ணு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருசத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. ரோடு, லைட்டு, நூறு நாள் வேலை எல்லாம் பேசுறோம். ஊர்ல சுற்றுச்சுவர் இல்லாத கிணறு எத்தன, மூடாத போர்வெல் எத்தன, தண்ணித் தொட்டி எத்தன, அத எந்தத் தேதிக்குள்ள மூடுவோம்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லி உங்க பேப்பர்ல எழுதுங்க. மழை தொடங்குறதுக்கு முன்னாடி அக்டோபர் 2 சபைலயே வந்தா நல்லது. எங்க ஊர்ல ரேஷன் கடைக்குப் பின்னாடி புல்லு மூடிக் கிடக்கிற ஒரு பழைய கிணறு இருக்கு, அத எங்க சுயஉதவிக் குழு பெண்கள வச்சு எழுதிக் குடுக்கப் போறோம், மனு நகல உங்களுக்கும் அனுப்பி வைக்கேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி பணியாளர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.